ஓய்விலும் தீராத களைப்பு

பொழுது புலருமுன் எழுந்து, பால்மரம் சீவி, வாளி சுமந்து திரும்பும் நம் தோட்டத் தொழிலாளருக்குக் களைப்பு புதியதன்று. இரவு நன்கு உறங்கினால் அது நீங்கிவிடும். ஆனால், உறங்கி எழுந்தும் நீங்காமல் பல மாதங்கள் தொடரும் களைப்பும் உண்டு. அதனை மருத்துவர்கள் நாள்பட்ட களைப்பு நோய் என்கின்றனர்.

1955ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 292 ஊழியர்கள் விளங்காத நோயொன்றால் வீழ்ந்தனர். மருத்துவமனையே சில மாதங்கள் மூடப்பட்டது. அதன் பின்னரே இத்தகைய நோய் பரவலாகப் பேசப்பட்டது. பெரும்பாலும் காய்ச்சல் போன்ற தொற்றுக்குப் பின் இது தொடங்குகிறது. சிறிது உழைத்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடல் முன்னிலும் மோசமாகத் தளர்ந்துவிடுவதே இதன் முக்கிய அடையாளம். நினைவு மங்கும்; உறக்கமும் தெம்பு தராது. இதனை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை இல்லை. முற்றிலும் குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

அவ்வாறாயின், சிகிச்சை பெற்றோரின் அனுபவம் யாது? பிரிட்டனில் 2007ஆம் ஆண்டு வழிகாட்டி, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறையையும் மனநலச் சிகிச்சையையும் பரிந்துரைத்தது. 641 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வும் அவற்றை ஆதரித்தது. நோயாளர் பலரோ, பயிற்சியைக் கூட்டியபின் தங்கள் நிலை மோசமாயிற்று என்றனர். நடமாடிய சிலர் படுக்கையில் வீழ்ந்ததாகவும் கூறினர். அவர்கள் விடவில்லை. ஆய்வின் விவரங்களைக் கேட்டு வழக்காடினர். 2016இல் அவற்றை வெளியிடுமாறு தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மீண்டும் கணக்கிட்டபோது, குணமடைந்தோர் முன்பு கூறப்பட்டதைவிட மிகக் குறைவெனத் தெரிந்தது. 2021ஆம் ஆண்டின் புதிய வழிகாட்டி அப்பயிற்சி முறையைக் கைவிட்டது. மனநலச் சிகிச்சை நோயைத் தாங்கிக்கொள்ள உதவலாம், குணப்படுத்தாது என்றும் அது தெளிவாக்கியது.

எனினும், நலமடைந்தேன் என ஒருவர் கூறுவதாலேயே ஒரு மருந்து பயனுள்ளதாகிவிடாது. நார்வேயில் ரிடுக்சிமாப் என்னும் மருந்து முதலில் நம்பிக்கையளித்தது. 151 நோயாளரிடம் மேலும் சோதித்தபோது, போலி மருந்து பெற்றவர்களிலும் அதே அளவேனும் சிலர் தேறினர். 2019இல் வெளியான அம்முடிவுடன் அந்த நம்பிக்கை தளர்ந்தது. ஆகவே, விலையுயர்ந்த அற்புத மருந்து என விற்பவரிடம் எச்சரிக்கை தேவை.

நோயாளர் பலர் பயனுள்ளதெனக் கூறுவது, தம் சக்தியின் எல்லையறிந்து நடப்பதாகும். வேலையைப் பகுதி பகுதியாகச் செய்து, களைத்து விழுமுன்னரே ஓய்வெடுக்கின்றனர். நலமான நாளிலும் மிஞ்சி உழைப்பதில்லை. இது நோயைத் தீர்க்காவிடினும் மேலும் வீழாமல் காக்க உதவுகிறது.

களைப்பு வாரக்கணக்கில் நீடித்தால், நாமே முடிவு கட்டாமல் கிளினிக்கிற்குச் செல்லவேண்டும். இரத்தச்சோகை, நீரிழிவு, காசநோய், தைராய்டுக் கோளாறு ஆகியவையும் களைப்பைத் தரும். அவற்றிற்குச் சிகிச்சை உண்டு. எப்போது தொடங்கியது, எவ்வேலைக்குப்பின் கூடுகிறது என்பவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுதல் நன்று.

வீட்டில் ஒருவர் இவ்வாறு தளர்ந்து கிடந்தால் சோம்பேறி எனப் பழிக்கவேண்டா. எழ இயலவில்லை என்று அவர் கூறும்போது அச்சொல்லை நாம் நம்பவேண்டும்.