அடைக்கோழியும் அயல் குஞ்சுகளும்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில், பொரித்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுகளைச் சமவெளியில் வாங்கி இவ்வழியே கொண்டு செல்வோர் உண்டு. வீட்டில் நாட்டுக்கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குக் கவலையில்லை. குஞ்சுகளை அதன் கீழ் விட்டுவிட்டால் அதுவே வளர்த்துவிடும் என்று எண்ணுவார்கள். பல வேளைகளில் அவ்வாறே நடக்கிறது. ஆனால் சில வேளைகளில், மறுநாள் காலையில் குஞ்சுகள் விறைத்துக் கிடக்கின்றன; அல்லது கோழியே அவற்றைக் கொத்திக் குதறியிருக்கிறது. ஒரே வகைக் குஞ்சு, ஒரே வகைக் கோழி. விளைவு மட்டும் ஏன் வேறுபடுகிறது? இதற்கான விடையில் பாதி இயற்பியலைச் சேர்ந்தது. மறுபாதி உயிரியலைச் சேர்ந்தது. இரண்டையும் வரிசையாகக் காண்போம்.

மலையேறும்போது குறையும் வெப்பம்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயரே செல்லச் செல்ல, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி சென்டிகிரேடு குறைகிறது. எனவே இவ்விரு ஊர்களுக்கும் இடையே சுமார் 8 டிகிரி வேறுபாடு இருக்கும். சேலத்தில் ஓர் இரவில் 20 டிகிரி என்றால் ஏற்காட்டில் ஏறத்தாழ 12 டிகிரி எனலாம்.

ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம், அதற்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. இது நியூட்டனின் குளிர்தல் விதி. பள்ளியில் நீங்கள் படித்திருப்பீர்கள். குஞ்சின் உடல் வெப்பநிலையை 40 டிகிரி என்று கொள்வோம். சேலத்தில் வேறுபாடு 20 டிகிரி. ஏற்காட்டில் 28 டிகிரி. ஆகவே, அதே குஞ்சு மலைமேல் 1.4 மடங்கு வேகமாக வெப்பத்தை இழக்கிறது.

சிறிய உடலின் தொல்லை

இதே குளிரில் தாய்க்கோழி நிம்மதியாக இருக்கிறதே, அது எவ்வாறு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். குஞ்சின் எடை 40 கிராம். கோழியின் எடை 1,080 கிராம் என்று கொள்வோம். கோழி 27 மடங்கு கனமானது. இரண்டும் ஒரே வடிவம் என்று வைத்துக்கொண்டால், 27-இன் கனமூலம் 3. எனவே கோழியின் நீள அகலங்கள் குஞ்சினுடையதைப் போல் 3 மடங்கு. உடற்பரப்பு 3-இன் வர்க்கம், அதாவது 9 மடங்கு. எடை 27 மடங்காகப் பெருகியும் பரப்பு 9 மடங்குதான் பெருகியிருக்கிறது. இதனைத் திருப்பிச் சொன்னால், ஒவ்வொரு கிராம் எடைக்கும் குஞ்சு கோழியைப் போல் 3 மடங்கு பரப்பைக் குளிருக்குக் காட்டி நிற்கிறது. வெப்பம் வெளியேறுவது பரப்பின் வழியாகத்தான் அன்றோ?

போதாக்குறைக்கு, குஞ்சின் மேலிருப்பது மெல்லிய தூவி மட்டுமே. தன் உடல் வெப்பத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் திறன் அதற்கு இரண்டு மூன்று வாரங்களில்தான் முழுமையாக வாய்க்கிறது. முதல் வாரத்தில் அதற்குத் தேவைப்படும் சூழல் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி.

மலையின் மூடுபனி மற்றோர் எதிரி. தூவிகளுக்கிடையே தங்கும் காற்றுதான் குஞ்சுக்குக் கம்பளி. தூவி நனைந்தால் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. நீரோ காற்றைப் போல் 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவது. அந்த நீர் உலரும்போதும் கேடு உண்டு. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வளவும் குஞ்சின் உடலிலிருந்தே எடுக்கப்பட்டால், அதன் வெப்பநிலை சுமார் 17 டிகிரி சரிந்துவிடும்! நனைந்த குஞ்சு பிழைப்பது அரிது என்று கோழி வளர்ப்போர் சொல்வதன் காரணம் இதுவே.

நான்கு வாட் அடுப்பு

கோழி இல்லாதவர்கள் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டுக் குஞ்சுகளுக்குச் சூடு தருவதுண்டு. ஒரு கிலோ எடையுள்ள கோழி ஓய்வாக இருக்கும்போது வெளியிடும் வெப்பம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 4 வாட்தான். பல்பின் ஆற்றலில் பதினைந்தில் ஒரு பங்கு! ஆயினும் குஞ்சுகளுக்குக் கோழியே மேலான கணப்பாக விளங்குகிறது.

காரணம் எளிது. பல்பின் வெப்பம் நாற்புறமும் கதிர்வீச்சாகவும் காற்றின் சலனத்தாலும் சிதறிப் போகிறது. அடைக்கோழியின் மார்பிலும் வயிற்றிலும் சிறகுகள் உதிர்ந்து, இரத்த ஓட்டம் மிகுந்த வெறும் தோல் வெளிப்பட்டிருக்கும். 40 டிகிரிக்குக் குறையாத அத்தோல் குஞ்சுகளை நேரே தொட்டு, கடத்தல் முறையில் வெப்பம் தருகிறது. மேலே இறக்கைகள் போர்வையாக மூடிக்கொள்கின்றன. குஞ்சின் உடலிலிருந்து வெளியேறும் வெப்பமும் அப்போர்வைக்குள்ளேயே தங்குகிறது. மழைக்காலத்து இரவில் மின்சாரம் நின்றால் பல்பு அணைந்துவிடும். இந்த அடுப்பு அணையாது.

ஆனால் இந்த அடுப்பை நாம் விரும்பிய நேரத்தில் மூட்டிவிட முடியாது. கோழி குஞ்சை ஏற்க வேண்டும். குஞ்சும் கோழியை ஏற்க வேண்டும்.

கோழியின் பருவம்

கோழி அடைக்கு உட்காருவதற்குப் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் முக்கிய காரணம். ஆஸ்கார் ரிடில் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய துணைவர்களும் இந்த ஹார்மோனைச் செலுத்திக் கோழிகளை அடைக்கு உட்காரச் செய்யலாம் என்று 1935-இல் காட்டினர். முட்டைகள் மார்பில் படப்பட இச்சுரப்பு நிலைத்து நிற்கிறது, முட்டையிடுவது நின்றுவிடுகிறது. குஞ்சுகளின் தொடுகையும் குரலும் கிடைத்ததும் சுரப்பு குறைகிறது. முட்டையைக் காத்த கோழி குஞ்சைக் காக்கும் கோழியாக மாறுகிறது.

முட்டைக்காகவே வளர்க்கப்படும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகளிடம் இப்பண்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அடையில் அமரும் கோழி முட்டையிடாது என்பதால், அத்தகையவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். நாமக்கல் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் கோழிகளுக்கு இல்லாத தாய்மை, மலைக் குடிசையின் நாட்டுக்கோழிக்கு இன்னும் இருக்கிறது.

நேற்று அடைக்கு உட்கார்ந்த கோழி இன்று குஞ்சை ஏற்கும் என்று நம்பக்கூடாது. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் உறுதியாக அமர்ந்த கோழியே ஏற்றது. இயற்கையான 21 நாளை நெருங்கியிருந்தால் இன்னும் நல்லது. அதுவரை முட்டை வடிவக் கூழாங்கற்களைக் கீழே வைத்து அதன் அடையைக் காப்பாற்றலாம்.

குஞ்சின் வயது

பொரித்த குஞ்சு தன் முதல் நாட்களில் எதனுடன் பழகுகிறதோ, அதனையே தாயாகக் கொண்டு பின்தொடரும். இதனை 1873-இலேயே டக்ளஸ் ஸ்பால்டிங் எழுதினார். 1935-இல் கான்ராட் லோரன்ஸ் விரிவாக விளக்கினார். லோரன்ஸ் 1973-இல் நோபல் பரிசு பெற்றவர். இவ்வாறு மனத்தில் பதியும் காலம் மிகக் குறுகியது. முதல் நாளில் வலுவாக இருந்து, மூன்றாம் நாளுக்குள் பெரிதும் மங்கிவிடுகிறது. பல்பின் கீழ் ஒரு வாரம் வளர்ந்த குஞ்சுக்குக் கோழியின் கொக்கரிப்பு வெறும் ஓசைதான். கோழி அழைத்தாலும் அது இறக்கைக்குள் போகாது. வெளியே நின்றே விறைத்துப் போகும். ஆகவே ஒன்று முதல் மூன்று நாட்களுக்குட்பட்ட குஞ்சுகளையே சேர்க்க வேண்டும். முட்டைக்குள் இருந்த மஞ்சள் கருவின் எஞ்சிய பகுதி குஞ்சின் வயிற்றில் இருப்பதால், இந்நாட்களில் அது பயணத்தையும் தாங்கும்.

தாயும் சேயும் அறிந்துகொள்வதில் குரலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1933-இல் ப்ரூக்னர் என்பவர் செய்த சோதனை இதனைத் தெளிவாக்கிற்று. கண்ணாடி மணிக்கூண்டுக்குள் தவித்த குஞ்சைக் கோழி கண்ணால் கண்டும் பொருட்படுத்தவில்லை. அதன் குரல் வெளியே கேட்கவில்லை. தடுப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் கத்திய குஞ்சைத் தேடியோ ஓடியது!

இரவில் சேர்ப்பது ஏன்?

இருளில் கோழிக்குப் பார்வை மிகக் குறைவு. அது அசையாமல் கிடக்கும். புதிய குஞ்சுகளின் நிறமும் உருவும் அதன் கண்ணில் படுவதற்கு முன்பே, அவற்றின் தொடுகையும் குரலும் அதனை எட்டிவிடுகின்றன. இரவு முழுவதும் இந்த உறவு வளர்கிறது.

மாலையில் ஊர் வந்து சேர்ந்த குஞ்சுகளுக்கு முதலில் வெதுவெதுப்பான இடத்தில் நீரும் குஞ்சுத் தீவனமும் கொடுங்கள். நன்கு இருட்டிய பின், ஒலி எழுப்பாமல், ஒரு குஞ்சை உள்ளங்கையில் மறைத்துக் கோழியின் பின்புறமாக அடியில் விடுங்கள். கூழாங்கல் ஒன்றை எடுத்துவிடுங்கள். கோழி மெல்லக் கொக்கரித்தால் அது நல்ல அறிகுறி. சிறிது நேரம் கழித்து மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். இறக்கைகளுக்குள் முழுவதும் அடங்கும் அளவே சேர்க்க வேண்டும். சமவெளியில் பத்துக் குஞ்சுகளைக் காக்கும் சிறிய கோழிக்கு மலையில் ஏழெட்டுப் போதும். ஓரத்தில் பிதுங்கி நிற்கும் குஞ்சுதான் முதலில் சாகும்.

விடியலில் ஒரு சோதனை

மறுநாள் விடியும் நேரத்தில் நீங்கள் கட்டாயம் அருகில் இருக்க வேண்டும். கோழி முதன்முறையாகக் குஞ்சுகளைக் கண்ணால் பார்க்கும் நேரம் அது. இரையைக் கொத்திக் காட்டிக் குஞ்சுகளை அழைத்தால் கவலையில்லை. தலையைக் குறிவைத்துக் கொத்தினால் உடனே குஞ்சுகளைப் பிரித்து, பல்பின் கீழ் மாற்றிவிடுங்கள். அதற்காக வெப்பமூட்டிய பெட்டி ஒன்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பது அறிவுடைமை. ஏற்றுக்கொண்ட பின்னரும் முதல் வாரம் கோழியையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் தனியே வையுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே இரண்டுக்கும் குஞ்சுத் தீவனமே கொடுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் இடும் சொட்டு மருந்தையும் மறக்க வேண்டாம். தாய்க்கோழி சூடு தரும், தடுப்பூசி தராது.

பத்துக் குஞ்சுகளுக்கு நாம் கொடுக்கும் விலை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அவை வளர்ந்து இடும் முட்டைகளை நம்பி இருக்கும் குடும்பத்திற்கு அந்த ஓர் இரவு மிகப் பெரிது. கோழியின் பருவம், குஞ்சின் வயது, இருள் என்னும் மூன்றையும் பொருத்திவிட்டால், மலையின் குளிரை அந்த நான்கு வாட் அடுப்பு பார்த்துக்கொள்ளும்.