ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கரப்பான் ஏன்?

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீடு. அண்ணனும் தங்கையும் ஒரே சோப்பு, ஒரே தண்ணீர். தங்கைக்கு மட்டும் முழங்கை மடிப்பில் கரப்பான். அம்மம்மா இறாலையும் கத்தரிக்காயையும் நிறுத்திவிடுவார். பாவம், பெரும்பாலும் அவற்றில் குற்றமில்லை.

ஒரு பங்கு பரம்பரையில் இருக்கிறது. ஒருவருக்குக் கரப்பான் இருந்தால், ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70%. மற்ற இரட்டையரில் 20 முதல் 30% வரைதான். தோலின் மேற்படையை இறுக்கி வைக்கும் ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணுக் குறை ஒரு முக்கிய காரணம் என்று 2006இல் தெரியவந்தது. ஆனால் அந்தக் குறை இல்லாதவர்களுக்கும் கரப்பான் வருகிறதே?

அங்கேதான் எதிர்ப்புச் சக்தி மரபணுக்கள் வருகின்றன. இன்டர்லியூகின்-4, 13 என்ற இரண்டு தூதுப் புரதங்களின் மரபணுக்கள் ஐந்தாம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. அங்குள்ள சில எழுத்து மாற்றங்கள் கரப்பான் அபாயத்தைக் கூட்டுகின்றன. இந்தத் தூதுகள் மிகுந்தால் அழற்சி கூடும். ஃபிலாக்ரின் உற்பத்தியும் குறையும். ஆக, நல்ல ஃபிலாக்ரின் மரபணு இருந்தும் தோல் ஓட்டையாகலாம். சொறியச் சொறிய இன்னும் மோசம். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசி, இந்த இரு தூதுகளும் பயன்படுத்தும் ஏற்பியைத்தான் அடைக்கிறது.

மரபணு விதியல்ல, வியர்வை, தூசி, கடும் சோப்பு எல்லாம் சேர்ந்தே தூண்டும். குளித்தவுடன் ஈரப்பூச்சு தடவுங்கள். வைத்தியரிடம் கேட்காமல் பிள்ளையின் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.