எட்டாவது டெக்கிலிருந்து ஒன்பதாவது டெக்குக்கு

மியாமிக்கு வடக்கே ஏதோ ஒரு ஃபுளோரிடா புறநகர். கூடத்தை ஒட்டிய சின்ன அறை. மேசையில் இரண்டு திரை, காதில் ஹெட்செட், காலடியில் சுருண்டு கிடக்கும் பூனை. கப்பல் பயணம் விற்கும் அமெரிக்க ஏஜென்ட்டுகளில் ஏராளமானோர் இப்படி வீட்டிலிருந்தேதான் கடை நடத்துகிறார்கள். சத்தம் போடாமல் வாருங்கள், இந்த அம்மாளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வோம். அதோ, போன் அடிக்கிறது!

"எட்டாவது டெக்கில் பால்கனி கேபின் போட்டிருந்தோமே, அதை ஒன்பதாவது டெக்குக்கு மாற்றித் தர முடியுமா?"

"பார்க்கிறேன். மாற்றினால் கட்டணம் 50 டாலர் ஆகும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு வருகிறது அந்தக் கேள்வி: "கப்பல்காரனே காசு கேட்கவில்லையே, உங்களுக்கு எதற்கு?"

ஆஹா, சரியான கேள்வி! அதே கப்பல், அதே தேதி, பாக்கிப் பணம் கட்டும் கெடு இன்னும் வரவில்லை என்றால், கேபினை மட்டும் மாற்றுவதற்குக் கப்பல் நிறுவனங்கள் பொதுவாக எதுவும் வாங்குவதில்லை. திருப்பித் தராத டெபாசிட் கட்டிவிட்டு, கப்பலையோ தேதியையோ மாற்றினால்தான் அவர்கள் கை நீட்டுவார்கள். ராயல் கரீபியன் கப்பல் நிறுவனத்தில் அதற்கு ஆளுக்கு 100 டாலர். இங்கே கேட்கும் 50 டாலரோ முழுக்க முழுக்க ஏஜென்சியின் காசு. எல்லா ஏஜென்சியும் வாங்குவதில்லை. 25 வாங்குகிறவர்கள் உண்டு, சல்லிக்காசு வாங்காதவர்களும் உண்டு. வாங்குகிறவர்கள் அதை ரசீதின் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் போட்டிருப்பார்கள். நாம் அதைப் படித்தோமா? நானும் படித்ததில்லை.

இப்போது திரையைப் பாருங்கள். எனக்குப் பிடித்த இடமே இதுதான். டெக் வரைபடம்! தூக்கம் வராத ராத்திரிகளில் நான் இதைத்தான் திறந்துவைத்துக்கொண்டு பார்ப்பேன், ஏறப்போகாத கப்பலாக இருந்தாலும். 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 2,805 கேபின்கள். கடலைப் பார்க்காமல் கப்பலுக்குள் இருக்கும் பூங்காவைப் பார்க்கிற பால்கனிகூட அதில் உண்டு! 2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவர்கள் ஏறிப் போனார்களே, கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்', அதில் சுமார் 800 கேபின்கள்தான். (அந்தக் கப்பலும் மியாமிக்காரிதான். 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் பஹாமாஸுக்குப் போய்வரத் தொடங்கியது.)

ஏஜென்ட் அம்மாள் ஒன்பதாவது டெக்கில் ஒரு கேபினைத் தொடுகிறார். "மாற்று" என்று ஒரு பொத்தான், அழுத்தினால் முடிந்தது என்றுதானே நினைத்தீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வெளியே தெரியாத முதல் ரகசியம் இதுதான்: பல நேரங்களில் கேபின் மாற்றம் என்பது மாற்றமே இல்லை, புதிதாக வாங்குவது. பழைய கேபினை விட்டதும் அன்று வாங்கிய விலையும் கைவிட்டுப் போகலாம். புதிய கேபினுக்கு இன்றைய விலை. ஆறு மாதம் முன்பு தள்ளுபடி விற்பனையில் போட்ட டிக்கெட் என்றால், அதனுடன் வந்த இலவச வை-ஃபை, கப்பலில் செலவழிக்கக் கொடுத்த 100 டாலர் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் உதிர்ந்துவிடக்கூடும். அதனால்தான் அவர் உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தாமல், பழைய ரசீதை ஒரு திரையிலும் புதிய விலையை இன்னொரு திரையிலும் வைத்து வரி வரியாக விரல் ஓட்டுகிறார். தவறாக அழுத்தினால் எட்டாவது டெக் கேபின் சந்தைக்குத் திரும்பிவிடும். அடுத்த நிமிஷமே அதை வேறொருவர் கொத்திக்கொண்டு போகலாம். திரும்பக் கேட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டால், காத்திருப்பு இசையைக் கேட்டபடி அரை மணி நேரம்!

இரண்டாவது ரகசியத்தை முதன்முதலில் கேட்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஒரு கேபின் காலி என்று திரை காட்டுகிறது. உள்ளே நான்கு படுக்கை. நான்கு பேர் என்று போட்டால் "இல்லை" என்கிறது. இரண்டு பேர் என்று போட்டால் "இருக்கிறது" என்கிறது! பேய் வேலையா? இல்லை, உயிர்காப்புப் படகு. ஒவ்வொரு கேபினுக்கும் ஆபத்து நேரத்தில் போய்க் கூட வேண்டிய இடம் ஒன்று குறித்துவைக்கப்பட்டிருக்கும். அந்த இடத்துக்கான படகுகளில் இருக்கைக் கணக்கு நிரம்பிவிட்டால், அந்தப் பக்கத்துக் கேபின்களில் மூன்றாவது, நான்காவது ஆளுக்கு இடமில்லை, படுக்கை எத்தனை காலியாகக் கிடந்தாலும். 1912-ல் டைட்டானிக் மூழ்கியதால் 1914-ல் பிறந்தது சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தம். அதன் நிழல் இன்று ஒரு புறநகர் வீட்டில், பூனைக்கு மேலே, கணினித் திரையில் விழுகிறது. பெரிய குடும்பத்துக்குக் கேபின் மாற்றச் சொன்னால் ஏஜென்ட்டுகள் பெருமூச்சு விடுவது இதனால்தான்.

குரூப் டிக்கெட் என்றால் இன்னும் கூத்து. ஏஜென்சி சில கேபின்களை மொத்தமாகப் பிடித்துவைத்திருக்கும். பெரும்பாலும் 16 பேருக்கு ஓர் இலவச இடம் என்று கணக்கு. நீங்கள் இருவரும் குரூப்பை விட்டு வெளியே ஒரு கேபினுக்குத் தாவினால் 16 என்பது 14 ஆகும், இலவச இடம் காற்றில் போகும். அதற்குள்ளே யாருக்கோ வாக்குக் கொடுத்திருப்பார்கள்!

சரி, காசுக் கதைக்கு வருவோம். பயண ஏஜென்ட்டுகள் முன்பெல்லாம் விமான டிக்கெட் கமிஷனில் சௌகரியமாக வாழ்ந்தார்கள். 1995 பிப்ரவரியில் டெல்டா விமான நிறுவனம், உள்நாட்டில் போய்வரும் டிக்கெட்டுக்கு 50 டாலருக்கு மேல் கமிஷன் இல்லை என்றது. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். 2002-ல் அடிப்படைக் கமிஷனையே ஒழித்துவிட்டார்கள். அங்கிருந்துதான் "சேவைக் கட்டணம்" என்ற சொல் ஏஜென்சிகளின் ரசீதில் நிலைத்தது. கப்பல் நிறுவனங்களோ இன்றும் கமிஷன் தருகின்றன. ஆனால் துறைமுக வரிக்குக் கிடையாது. பல நிறுவனங்களில் பயண விலையிலேயே ஒரு பகுதியைக் கமிஷன் இல்லாத தொகை என்று வெட்டிவைத்துவிடுவார்கள். உதாரணத்துக்கு, இருவருக்கு 2,000 டாலர் டிக்கெட்டில் 400 அப்படிப் போனால், மீதி 1,600-க்கு 10 சதவீதம், 160. அதிலும், வீட்டிலிருந்து விற்கும் ஏஜென்ட்டுக்குப் பின்னணியில் இருக்கும் பெரிய ஏஜென்சிக்கு ஒரு பங்கு. பல நிறுவனங்களில் இதுவும் முழுப் பணம் கட்டிய பிறகுதான் கைக்கு வரும். நடுவில் நீங்கள் பயணத்தைக் கேன்சல் செய்தால் பூஜ்யம். நான்கு முறை கேபின் மாற்றிவிட்டு ஐந்தாவது முறை கேன்சல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் (நம் வீட்டிலேயே ஒருவர் இருப்பார், பெயர் வேண்டாம்). 50 டாலர் அவர்களுக்காகப் போட்ட வேகத்தடை.

என்றாலும் ஒன்று: விலை இறங்கியிருக்கிறது, அதைப் பிடித்துத் தாருங்கள் என்று கேட்பவரிடமும் அதே கட்டணத்தை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 60 டாலர் மிச்சம் பிடிக்க 50 டாலர் கொடுப்பதா?

போனில் இன்னும் ஆள் காத்திருக்கிறார். அம்மாள் ஒன்பதாவது டெக்கின் படத்தை நகர்த்திப் பத்தாவது டெக்கைத் திறக்கிறார். இது பழகிய கைகளின் வித்தை: மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற கேபின்தான் அமைதியான கேபின். படத்தில் வெள்ளையாக விட்டிருக்கும் இடங்களில் ஊழியர்களின் வேலைப் பகுதி இருக்கும், வண்டி உருளும். அவர் புருவம் உயர்கிறது.

"நீங்கள் கேட்கிற கேபினுக்கு நேர் மேலே பஃபே ஹால். விடியற்காலையில் நாற்காலி இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள்."

"ஐயோ! அப்படியானால் எட்டிலேயே இருக்கட்டும்."

"சரி."

"கட்டணம்?"

"மாற்றவே இல்லையே, எதற்குக் கட்டணம்?"

போன் வைக்கப்படுகிறது. இருபத்தைந்து நிமிடம் ஓடியிருக்கிறது. பூனை எழுந்து சோம்பல் முறிக்கிறது. அதற்குள் அடுத்த போன்!