அடும்பும் புன்னையும் அடிநீரும்

கடற்கரையில் உலவச் செல்வோர் பெரும்பாலும் அலைவாயில் கால் நனைத்துத் திரும்பிவிடுகின்றனர். அதுவும் இன்பமே. ஆயினும், கடலுக்கு முதுகு காட்டி நிலம் நோக்கிச் சிறிது தொலைவு நடப்பவருக்கு நெய்தல் நிலம் தன் மலர்களை வரிசையாகக் காட்டும். சோழமண்டலக் கரையில் மணல்மேடுகள் எஞ்சியுள்ள இடங்களில் இன்றும் இவ்வரிசையைக் காணலாம்.

அலை எட்டாத முதல் மணலில் படர்வது அடும்பு. இதன் பிளவுபட்ட இலையை மானின் குளம்புக்கும், செவ்வூதா நிறப் பூவைக் குதிரையின் கழுத்துமணிக்கும் சங்கப் புலவர் ஒப்பிட்டுள்ளனர். இக்கொடி கணுதோறும் வேர்விட்டு மணலைப் பற்றுகிறது. அருகே முள்ளாய் நிற்கும் புல் இராவணன் மீசை. காற்று அள்ளிவரும் மணல் இவற்றின்மீது மோதி விழுகிறது. விழுந்த மணலுக்கு மேலே இவை மீண்டும் தளிர்க்கின்றன. மணல்மேடு வளர்வது இவ்வாறுதான். மழைக்காலத்தில் மேட்டின் மறுபுறம் தாழை மடல் அவிழும். காலையில் மஞ்சளாக மலர்ந்து மாலைக்குள் சிவந்துவிடும் பூவரசம்பூவும் அங்கு உண்டு.

இவற்றுள் தலைமை புன்னைக்கே. வெண்ணிற இதழ்களின் நடுவே பொன்னிற மகரந்தத் தாள்கள் திரண்டிருக்க, மணம் தொலைவிலேயே வந்துவிடும். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் இதுவே. சிறுமியர் மணலில் அழுத்தி மறந்த புன்னை விதை முளைத்து மரமாக, அதனை மகளின் தங்கை என்றே தாய் கூறியதாக நற்றிணைப் பாடலொன்று சொல்கிறது. அம்மரத்தடியில் காதலனோடு நகைத்துப் பேசத் தலைவிக்கு நாணம் வந்துவிடுகிறது!

இம்மேட்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளது. மணல் உறிஞ்சிய மழைநீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆதலால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்கு மிக அருகிலேயே மணலைத் தோண்டிக் குடிநீர் எடுக்க முடிவது இதனால்தான். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயரம் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலார் கண்ட கணக்கு.

கணக்கு மறுதிசையிலும் செல்லும். காட்சிக்கு இடையூறென்று அடும்பைக் களைந்து, மேட்டைச் சமன்செய்து, ஆழ்துளைக் கிணறுகளால் நீரை இறைக்கும்போது மேல்மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், கீழே உவர்நீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலேறக்கூடும். களையப்பட்ட கொடி ஓரிரு மழைக்காலங்களில் மீண்டும் படர்ந்துவிடும். கிணற்றுள் புகுந்த உப்பு நீங்கவோ பல ஆண்டு மழை வேண்டும்.