ஆங்கில வினையடையும் ‘லி’ என்னும் ஈறும்

வெளிமாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலத்திலேயே தேர்வும் வேலை விண்ணப்பமும் எழுதுகின்றனர். ஆதலின், ‘அட்வெர்ப்’ எனப்படும் வினையடையை நாம் வீட்டிலேயே தெளிவுறுத்துதல் நலம்.

வினையடைகளுள் முதன்மையானவை ஐவகை. ‘ஸ்லோலி’ (மெதுவாக) தன்மையையும், ‘எஸ்டர்டே’ (நேற்று) காலத்தையும், ‘ஹியர்’ (இங்கே) இடத்தையும், ‘ஆஃபன்’ (அடிக்கடி) எத்தனை முறை என்பதையும், ‘வெரி’ (மிக) அளவையும் உணர்த்தும். அளவில் ஒரு நுட்பம் உண்டு: ‘வெரி ஹாட்’ என்பது மிகுந்த சூடு; ‘டூ ஹாட்’ என்பதோ தாங்கவொண்ணாச் சூடு.

‘மெதுவாக’ என்பதில் ‘ஆக’ நிற்பதுபோல் ஆங்கிலத்தில் ‘லி’ நிற்கும். ஆயினும் அதனை எங்கும் நம்பலாகாது. ‘ஹார்ட்’ என்பதே ‘கடுமையாக’ எனப் பொருள்படும். ‘ஹார்ட்லி’ என்றால் ‘அரிதாகவே’ என்று பொருள் தலைகீழாகும். ‘ஐ ஒர்க் ஹார்ட்’ என்பவன் உழைப்பாளி; ‘ஐ ஹார்ட்லி ஒர்க்’ என்பவன் சோம்பேறி! விண்ணப்பத்தில் பின்னதை எழுதியவனுக்கு வேலை தருவார் யார்? அவ்வாறே, ‘லேட்’ என்பது தாமதமாக. ‘லேட்லி’ என்பது அண்மைக் காலத்தில். ‘ஃபிரண்ட்லி’ என்பதோ ‘லி’யில் முடிந்தும் வினையடையன்று, பெயரடையே.

ஆகவே, ஈற்றைக் கண்டு முடிவு செய்யாது, ‘இச்சொல் எதனை விளக்குகிறது?’ என்று கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக.