அடுப்புக்குள் தொங்கும் குழாய்கள்

1829-இல் லண்டனில் ஜான் பிரெய்த்வெயிட்டும் ஜான் எரிக்சனும் முதல் நீராவித் தீயணைப்பு வண்டியைச் செய்தார்கள். அதுவரை ஆட்கள் முறைவைத்துக் கைப்பம்பை அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கை ஓய்ந்துவிடும். நீராவி ஓயாது. ஆனால் வீடு எரியும்போது தண்ணீர் கொதிக்கும்வரை யார் காத்திருப்பது?

இதற்கு, தீயணைப்பு வண்டிகள் செய்த மெரிவெதர் நிறுவனத்தார் கையாண்ட வழிகளில் ஒன்று ஃபீல்டு குழாய். அடிமுனை மூடிய குழாய்கள் பல நெருப்புக்குள் தொங்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு சிறு குழாய். குளிர்ந்த நீர் உள்குழாயில் இறங்கும், சூடேறிய நீர் சுற்றியுள்ள இடைவெளியில் மேலே வரும். தண்ணீர் கொஞ்சம், தீ படும் பரப்போ அதிகம். புறப்படும்போது அடுப்பைப் பற்றவைத்தால், சுமார் 10 நிமிடத்தில் பம்பு ஓடத் தயார்.

அப்படியொரு வண்டி சிதைந்த நிலையில் பட்டறைக்கு வந்தால், முதலில் பார்க்க வேண்டியதும் இந்தக் குழாய்களைத்தான். கொதிகலனைத் திறந்து வடித்தாலும், தொங்கும் குழாய்க்குள் இருக்கும் நீர் வடியாது. கடைசியாக அணைத்த தீயின் மிச்சத் தண்ணீர் அங்கேயே கிடந்து இரும்பை அரித்திருக்கும். வெளியே பித்தளை உறை பளபளக்கலாம். அதை நம்பி அடுப்பு மூட்டுவது உயிரோடு விளையாடுவது.

குழாய்களை மாற்றி, தகட்டின் கனத்தை மீயொலிக் கருவியால் அளந்து, கொதிகலன் முழுக்கக் குளிர்ந்த நீரை நிரப்பி அழுத்துவார்கள். வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு வைப்பது வழக்கம். நீர் அவ்வளவாகச் சுருங்காது. அதனால் தகடு பிளந்தாலும் ஒழுகுவதோடு போகும். நீராவி அப்படியல்ல, வெடித்துச் சிதறும். தகடு தேய்ந்திருந்தால் புதுக் கொதிகலன் செய்து பொருத்துவதே சரி என்பேன். பழையதைப் பக்கத்தில் பார்வைக்கு வைக்கலாம்.

பம்பு பெரும்பாலும் வெண்கலம், துருவுக்கு அஞ்சாது. உள்ளே நீர் உறைந்து விரிசல் விட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். சக்கரத்துக்குக் குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம். இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்குவது, மாட்டுவண்டிச் சக்கரத்துக்குச் செய்யும் அதே வேலைதான்.

சாயத்தை மட்டும் அவசரப்பட்டுச் சுரண்டக் கூடாது. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சின் அடியில் ஊர்ப் பெயரின் தங்க எழுத்து தெரியக்கூடும்.

எல்லாம் முடிந்த பிறகு முதல் தீயைச் சிறு விறகால், மணிக்கணக்கில் மெல்ல மெல்ல மூட்டுவார்கள். பாதுகாப்பு வால்வு குறித்த அழுத்தத்தில் சீறித் திறக்கும்வரை யாருடைய கண்ணும் அழுத்தமானியை விட்டு விலகாது.