வளிபதனிக் கசிவால் உண்டாகும் பூஞ்சணம்

வளிபதனிக் கசிவுப் பூஞ்சணம் என்பது, பேச்சு வழக்கில் ஏ.சி. எனப்படும் வளிபதனியிலிருந்து ஒழுகும் நீர் சுவரில் ஊறுவதால் அங்கு படரும் நுண்பூஞ்சைகளைக் குறிக்கும். கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் ஆகிய பேரினங்கள் வீடுகளில் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றின் வித்துக்கள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. அவற்றை முற்றாக நீக்க இயலாது. ஈரம் கிடைத்தால் ஓரிரு நாட்களில் முளைக்கத் தொடங்கும். எனவே இது அடிப்படையில் ஒரு நீர்ச் சிக்கலே ஆகும். இராமநாதபுரம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் ஆகிய கடற்கரைப் பகுதிகளில், கசிவை நிறுத்திய பின்னரும் சுவர் எளிதில் உலர்வதில்லை.

கசிவின் காரணங்கள்

வளிபதனியின் குளிர்ச்சுருளைத் தொடும் காற்றிலுள்ள நீராவி, நீராக மாறித் தட்டில் சேர்ந்து வடிகுழாய் வழியே வெளியேறும். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஒன்றரை டன் வளிபதனியிலிருந்து மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை நீர் வடியக்கூடும். குழாய் அடைபட்டால் ஓர் இரவிலேயே ஒரு வாளி நீர் சுவரில் இறங்கிவிடும். தூசியும் பாசி போன்ற வழவழப்புப் படிவும் குழாயை அடைப்பதே பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம். வடிகுழாய் தொய்ந்து மேலேறுதல், அதன் முனை வாளி நீரில் மூழ்கியிருத்தல், செப்புக் குழாயின் உறை கிழிதல் ஆகியனவும் காரணமாகும். உப்புக்காற்று சுருளை அரித்து வளிமம் கசிந்தால், சுருளில் பனிக்கட்டி படிந்து பின் உருகி வழியும். தட்டில் ஒரு குவளை நீர் ஊற்றி, அது குழாய் முனையில் வருகிறதா எனப் பார்த்தால் அடைப்பு உள்ளதா என அறியலாம்.

கசிவே இல்லாத வீட்டிலும் பூஞ்சணம் வரலாம். வெளியே 30 பாகை செல்சியசு வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கையில், நீராவி நீராகத் தொடங்கும் பனிநிலை ஏறத்தாழ 26 பாகை. அறையை 18 அல்லது 20 பாகைக்குக் குளிர்வித்தால் அடுத்த அறையிலுள்ள சுவர்ப்பக்கம் இந்நிலையை நெருங்கும். பூஞ்சணத்துக்கு அதுவே போதும். பழுது பார்ப்பவரை மீண்டும் மீண்டும் அழைத்தும் தீராத "கசிவுகள்" சில இவ்வகையினவே.

கடற்கரையின் தனித்தன்மை

இங்குள்ள சுவர்களில் தோன்றும் வெண்பொடி எல்லாம் பூஞ்சணமன்று. உப்புப் பூத்தலாகவும் இருக்கலாம். உப்பு நீரில் கரையும், பூஞ்சணம் கரையாது. சோடியம் குளோரைடு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை ஈர்க்கும். ஆதலால் உப்பேறிய சுவரைக் கழுவுவதைவிட உலர்ந்த தூரிகையால் தேய்த்து, தேவையெனில் பூச்சைக் கொத்தி எடுப்பது நன்று.

சன்னலைத் திறந்து வைக்குமாறு கூறும் பொதுவான அறிவுரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கு பயன்படாது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அத்தகைய நாட்களில் உள்ளே வரும் காற்றே ஈரமானது. சன்னல்களை மூடி, பழுது நீக்கிய வளிபதனியை உலர்த்தும் முறையில் இயக்கி, அறையின் ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழ் வைத்தல் வேண்டும். தீர்த்தமாடிய ஈரத்துணிகளை விடுதி அறைக்குள்ளேயே உலர்த்துவதும் ஈரத்தைக் கூட்டும்.

அகற்றுதல்

முதலில் கசிவை நிறுத்த வேண்டும். கடினமான பரப்புகளைச் சோப்பு நீரால் தேய்த்து உடனே உலர்த்தலாம். ஊறிய ஜிப்சம் பலகை, ஒட்டுப்பலகை, மெத்தை ஆகியவற்றைக் களைவதே பாதுகாப்பானது. முகமூடியும் கையுறையும் அணிதல் வேண்டும். சலவைத்தூள் கரைசலை அமிலத்துடனோ அமோனியாவுடனோ கலந்தால் நச்சு வளிமம் உண்டாகும். ஏறத்தாழ ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் தொழில்முறையாளரை நாடலாம். பூஞ்சணத்தின் மேலேயே வண்ணம் பூசுவது வாடகை வீடுகளில் மலிந்த வழக்கம். அவ்வண்ணம் விரைவில் உரியும்.

உடல்நலம்

உலக சுகாதார அமைப்பு 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு மூச்சுக்கோளாறுகளும் ஆஸ்துமாவும் மிகுதியாகக் காணப்படுவதைச் சுட்டுகிறது. நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரல் தொற்றையும் உண்டாக்கக்கூடும். அத்தகையோர் துப்புரவுப் பணி முடியும்வரை அவ்வறையில் உறங்கலாகாது.